மன்னிக்காத கோமதி மதினி

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. அண்ணன் மகன் கண்ணன். "அத்தை, அம்மா போயிட்டாவ" என்றான். காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாராம். வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். எனக்கு உடனே அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வாயில் முதலில் வந்தது இதுதான்: "ஏலே கண்ணா, தூத்துக்குடிக்குத் தகவல் சொல்லாத. யார் கேட்டாலும் நீ சொல்லாத."

"சரி அத்தை" என்றான். ஆனாலும் தகவல் எப்படியோ போய்விட்டது. பதினாறாம் நாள் காரியத்திற்கு அந்தத் தூத்துக்குடி வீட்டு ஆள் வந்து பந்தியில் உட்கார்ந்தார். பேசவும் செய்தார். அவர் பேசியதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறைந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களுடைய பொறுமையையும் மன்னிக்கும் குணத்தையும் புகழ்வது வழக்கம். என் மதினி கோமதியம்மாளுக்கு அவை இரண்டும் கிடையாது. இருந்ததாக யாராவது சொன்னால் அவர்கள் வேறு யாரையோ சொல்கிறார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மதினி பிறந்தது பசுவந்தனைப் பக்கம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, கோவில்பட்டிக்குத் தெற்கே நாற்கரச் சாலையை ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்தார். அண்ணன் சாது. காட்டு வேலை, வீட்டு வேலை, ஊர் வழக்கு எல்லாம் மதினிதான். மானாவாரிக் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போட்டுக் குடும்பத்தை நிமிர்த்தினார். உயரமானவர், தணிந்த குரல். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். நான் கோவில்பட்டித் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கத்துகிற கோபக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். மதினி அந்த வகை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து முதன்முதலில் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கம்மி" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். நாத்தனார் வேலையைக் காட்டாமல் இருக்க முடியுமா? அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு இலை போட்டால், பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கல்லுப்பும் வந்து உட்காரும். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, பணி ஓய்வு பெற்ற பிறகும் அது வந்தது. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, உப்பைக் குறைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நின்றது. "இனி வச்சா பாவம்ட்டி செல்லா" என்றார் மதினி. ஒரு கரண்டி உப்புக்கே இப்படி. இவருடைய ஒரே அண்ணன் மீது ஒருவன் பொய்ப்பழி போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணன் பெயர் அழகர்சாமி. நாங்கள் அழகர்சாமி அண்ணாச்சி என்போம். கரிசல்காட்டுச் சம்சாரி வீட்டில் பிறந்தவர் கடலுக்குப் போனது தற்செயல்தான். மழை பொய்த்த ஒரு வருடம் வத்தல் மூட்டைகளோடு லாரியில் தூத்துக்குடிக்குப் போனார். துறைமுகத்தில் மூட்டைகள் தோணியில் ஏறின. இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவர், தானும் ஏறிவிட்டார்.

தோணி என்றதும் ஆற்றைக் கடக்கிற ஓடம் என்று நினைத்துவிடக்கூடாது. தூத்துக்குடியில் தோணி என்றால் பெரிய மரக்கப்பல். வெங்காயமும் வத்தலும் கூரை ஓடும் செங்கலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும். மற்ற இடங்களில் எல்லாம் இன்ஜின் வந்த பிறகும், தூத்துக்குடித் தோணிகள் வெகுகாலம் பாயை நம்பியே ஓடின. அவற்றின் பலகைகளைத் தாங்குகிற வளைந்த விலாச்சட்டங்கள் எங்கள் பக்கத்துக் கண்மாய்க்கரைக் கருவேல மரங்கள். நேராக வளர்ந்தது கலப்பைக்கும் விறகுக்கும் போகும். வளைந்து வளர்ந்த மரத்தைத்தான் கப்பல் வேலைக்குத் தேடி வந்து வெட்டிக்கொண்டு போவார்கள். ஜெயமங்களம் என்ற தோணியும் அப்படி எங்கள் மரங்களை வயிற்றில் வைத்துக் கட்டப்பட்டதுதான். அதில் எடுபிடியாகச் சேர்ந்த அண்ணாச்சி, பல வருடம் கழித்து அதற்கே தண்டல் ஆனார். தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். "எங்க அண்ணன் மோந்து பாத்தே காத்தச் சொல்லிருவான்" என்று மதினி பெருமைப்பட்டுக்கொள்வார். தான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

பிறகு அந்தப் பயணம் வந்தது. கொழும்பிலிருந்து பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தோணிக்குள் தண்ணீர் ஏறியது. இறைக்க இறைக்க ஏறியது. தெற்கிலிருந்து அடித்த பலமான காற்று தோணியைத் தூத்துக்குடிக்கு வடக்கே தள்ளிவிட்டிருந்தது. காற்றை எதிர்த்துத் தூத்துக்குடிக்குள் நுழையும்வரை தோணி தாங்காது. அண்ணாச்சி காற்றோடு வடக்கே போய், குளத்தூருக்குக் கிழக்கே இருக்கிற கடற்கரை மணலில் வேண்டுமென்றே தோணியை ஏற்றிவிட்டார். ஆட்கள் அத்தனை பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து கரை சேர்ந்தார்கள். ஒருவருக்கும் சிராய்ப்புக்கூட இல்லை.

முதலாளி துறைமுகத்தில் சொன்னது வேறு. தண்டல் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார், தோணி தரை தட்டிவிட்டது என்றார். ஓட்டைத் தோணியை அனுப்பினேன் என்று எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்? கூடப் போனவர்களை அடுத்த பயணத்துக்கு எடுக்கவேண்டியவரும் அதே முதலாளிதான். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்குக்கூட ஒரு சொட்டுக் குடிக்காத மனிதரைக் குடிகாரன் என்று துறைமுகமே பேசியது. வேறு எந்த முதலாளியும் அவருக்குத் தோணி கொடுக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு பசுவந்தனைப் பக்கம் திரும்பி வந்து, மறுபடியும் ஏர் பிடித்தார். டீக்கடையில் சிலர் "அண்ணாச்சி, கம்மாயில கப்பல் விடலாமா?" என்று கேட்பார்களாம். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவாராம்.

அந்த முதலாளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மதினியும் ஒருநாளும் அந்தப் பெயரை உச்சரித்ததில்லை, "அந்த ஆளு" என்பதோடு சரி. இந்தக் கட்டுரையில் அழகர்சாமி என்ற பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அந்தப் பெயரை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

வருடங்கள் ஓடின. பாய்த்தோணிகளின் காலம் முடிந்தது. அந்த ஆளு ஓட்டல் தொழிலில் இறங்கினார். நாற்கரச் சாலை வந்ததும், யாரிடமோ இடம் வாங்கி ஓட்டல் கட்ட ஆரம்பித்தார். வாங்கிய இடம் எது தெரியுமா? மதினியின் பருத்திக்காட்டுக்கு அடுத்த காடு. யாருடைய வேலி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார். கரையில் சும்மா கிடந்த ஜெயமங்களத்தைக் கொண்டுவந்து சாலையோரம் நிறுத்தி, அதற்குள் மேசை நாற்காலி போட்டுச் சாப்பாடு போடுவதாகத் திட்டம்.

இனி சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். மதினி யார் என்று காட்ட இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை.

எங்கள் கரிசல் மண் மழையில் பொங்கும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன்மேல் அப்படியே எதையும் கட்டமுடியாது. கருமண்ணை முழுக்கத் தோண்டி எடுத்து, கீழே கெட்டித்தரை வந்த பிறகு சரளையும் மணலும் நிரப்பித்தான் மாட்டுக்கொட்டகைகூடப் போடுவோம். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கடற்கரையிலிருந்து வந்த ஆட்களுக்குத் தெரியவில்லை. பொங்கலுக்குள் திறக்கவேண்டும் என்ற அவசரம் வேறு. கப்பலைத் தாங்குகிற கான்கிரீட் மேடைகளுக்கு ஆழம் போகாமல் மேலோட்டமாகத் தோண்டிக் கம்பி கட்டினார்கள். கூலிக்குப் போயிருந்த எங்கள் ஊர்க் கொத்தனார் சண்முகையா, தண்ணீர் குடிக்க மதினி வீட்டுக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"பெரியம்மா, அவியளுக்கு மண்ணப் பத்தி ஒண்ணும் தெரியல. கருமண்ணு மேலயே கான்கிரீட் போடுதாவ. சொல்லிரட்டா?"

"உன்கிட்டக் கேட்டாவளா?"

"கேக்கல."

"கேக்காதவியளுக்கு எதுக்குச் சொல்லுத? தண்ணியக் குடி."

சண்முகையா மதினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் மட்டுமா? அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர்கள், டிராக்டர் ஓட்டியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஊர் மொத்தமும் அண்ணாச்சிக்காகப் பேசாமல் இருந்தது. துறைமுகம் ஒருமுறை பேசாமல் இருந்ததற்கு இது பதில் என்று நினைக்கிறேன்.

"மதினி, ஆளுக உள்ள உக்காந்து சாப்பிடும்போது விழுந்து தொலைச்சா?" என்றேன்.

"கரிசல் பொத்துன்னு தள்ளாதுட்டி. மெல்லத்தான் சாய்க்கும். எல்லாரும் எந்திச்சுக் கைகழுவிட்டுப் போறதுக்கு நேரம் கெடக்கும்" என்றார். அந்தத் தணிந்த குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

காற்றாலை இறக்கை ஏற்றுகிற நீளமான லாரியில் ஜெயமங்களம் வந்தது. பாய்மரங்களைத் தனியாகக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். மின்கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். கழுகுமலைப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, வாசலில் கப்பலின் வரலாறு என்று ஒரு போர்டு வைத்தார்கள். எத்தனை முறை கொழும்பு போனது, எவ்வளவு சரக்கு ஏற்றியது என்றெல்லாம் எழுதியிருந்தது. கடைசி வரி: "தண்டலின் குடிப்பழக்கத்தால் தரைதட்டி இதன் பயணம் முடிவுற்றது."

கோவில்பட்டிக்கு மாத்திரை வாங்க பஸ்ஸில் போன அழகர்சாமி அண்ணாச்சி, ஜன்னல் வழியே ஜெயமங்களத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். போர்டைப் படித்தார். பிறகு காட்டின் குறுக்கே நடந்து தங்கை வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் பேசினார். அதை மதினி எனக்குப் பலமுறை, ஒரு வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறார்.

"முன்பக்கம், இடதுகைப் பக்கம், அடிமரத்துலேருந்து மூணாவது பலகை. அது அழுகிப் போச்சு. பலகைய மாத்தாம உள்ள சிமென்டப் போட்டு அடைச்சாவ. நான் அப்பவே சொன்னேன், அடுத்த நடைக்குப் பாப்போம்னுட்டாவ. அதைக் கழத்திப் பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். ஆனா யாரு கழத்தப் போறா?"

"நான் கழத்துதேன்" என்றாராம் மதினி.

அடுத்த விதைப்புக்குள் அண்ணாச்சி போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். மதினி அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. போர்டுதான் கொன்றது என்பார்.

அதன்பிறகு மதினி செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். முதல் மழைக்காலத்தில் கப்பலின் தரை லேசாகச் சரிந்தது. மேசையில் வைத்த டம்ளர் மெதுவாக நகரும். வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த கோடையில் மேடை விரிசல் விட்டது, சிமென்ட் வைத்துப் பூசினார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சிமென்ட் மேல் இருக்கிற நம்பிக்கை அப்படி. அதற்கடுத்த மழைக்குக் கப்பல் வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. சாப்பிட வருகிறவர்கள் நின்றார்கள், ஓட்டலைப் பூட்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் எங்கள் நிறுத்தத்துக்குப் பெயரே மாற்றிவிட்டார்கள். "சாஞ்ச கப்பல் எறங்குறவங்க முன்னால வாங்க" என்று கத்தும்போதெல்லாம் மதினியின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கு அப்படி ஒரு பெயர் வந்ததில் அவரைப்போல் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

இதற்கிடையில் அந்த ஆளு இறந்துவிட்டார். செய்தி கேட்டு மதினி அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. துக்கம் இல்லை. "தப்பிச்சிட்டான்" என்றார்.

தப்பித்தவருக்கு மகன் இருந்தார். படித்தவர், பணிவானவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்தப் போர்டைத் தன் காலத்திலும் துடைத்து வைத்திருந்தவர் என்று மட்டும் சொல்வேன். பழைய கப்பல்களைக் காப்பாற்றக் கிளம்பிய ஒரு குழுவினர் அவரைத் தேடி வந்தார்கள். பாய்த்தோணிகளில் முழுசாக மிஞ்சியிருப்பவை அரிது, ஜெயமங்களத்தைச் செப்பனிட்டு மறுபடி கடலில் விடலாம், செலவுக்கு ஆள் இருக்கிறது என்றார்கள். மகனுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் கப்பலை வெளியே எடுக்க வழியில்லை. சாலைக்கும் ஓட்டலுக்கும் நடுவே இதற்குள் மேம்பாலத்தின் சுவர் எழும்பிவிட்டது. பின்பக்கமாகத்தான் லாரி போகமுடியும். பின்பக்கம் மதினியின் காடு.

வெள்ளைச் சட்டையும் பழத்தட்டுமாக வீட்டுக்கு வந்தார். மதினி நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மரியாதையாகவே பேசினார்.

"வழிதான தம்பி, தாராளமா தாரேன். ஒண்ணு மட்டும். கப்பல என் காட்டுல வச்சுத்தான் பிரிக்கணும். எங்க ஊர் ஆளுக பாக்கணும். ஒவ்வொரு பலகையா."

"எதுக்கும்மா? தூத்துக்குடியில எல்லா வசதியும் இருக்கே."

"எனக்குப் பொழுது போகணும்லா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே சம்மதித்தார். அவர் போன பிறகு, "அந்தப் போர்ட எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மதினி" என்றேன். "நான் கேட்டு எடுத்தா, பொம்பள அழுதா, பாவம்னு எடுத்தோம்ம்பாவ. எடுக்காம இருக்க முடியாதுன்னு ஆகணும்ட்டி" என்றார்.

பருத்தி எடுத்து முடித்துக் காடு வெறுமையாகக் கிடந்த பங்குனியில் வேலை தொடங்கியது. இந்த முறை சண்முகையாவைக் கூப்பிட்டு மண்ணைப் பற்றிச் சொல்லச் சொன்னவர் மதினியேதான். கருமண்ணை எடுத்துச் சரளை நிரப்பிய தரையில், கட்டைகளை அடுக்கி ஜெயமங்களத்தை நிமிர்த்தி நிறுத்தினார்கள். பாய்மரமில்லாத பெரிய மரக்கப்பல், சுற்றிலும் வெடித்துக் கிடக்கிற கரிசல். சாயங்காலமானால் வறுகடலை விற்கிறவர் சைக்கிளோடு வந்துவிடுவார், அவ்வளவு கூட்டம்.

கப்பல் கட்டும் தச்சர்களைத் தூத்துக்குடியில் ஓடாவி என்பார்கள். தலைமை ஓடாவி அந்தோணி பின்பக்கத்திலிருந்து பிரிக்கலாம் என்றார். மதினி முன்பக்கத்தைக் காட்டி, இடதுகைப் பக்கம் மூன்றாவது பலகையை முதலில் எடுக்கச் சொன்னார்.

"ஏம்மா அது?"

"ஒரு ஆளு சொல்லிட்டுப் போயிருக்காரு."

அன்று மகனும் வந்திருந்தார், போட்டோ எடுப்பதற்காகக் கைபேசியைக் கையில் வைத்திருந்தார். பெயின்டைச் சுரண்டியதும் தார், தாருக்குக் கீழே தகரம். தகரத்தைப் பிடுங்கியதும் பலகை விரலுக்கு உதிர்ந்தது. அதற்குப் பின்னால் இரண்டு விலாச்சட்டங்களுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் சிமென்ட். கை அகலத்துக்கு விரிசல் விட்டிருந்தது. அந்தோணி அதைத் தட்டிப் பார்த்தார். "கடல்ல வச்சு இந்த வேலை செய்ய முடியாது. கடைசி நடைக்கு முன்னாலயே கரையில ஏத்தி, காயப்போட்டு, நிதானமா செஞ்சிருக்கு" என்றார்.

மதினி மகனைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, கப்பலைக் கரையில ஏத்தணும்னா யாரு சொல்லணும்?"

அவர் கைபேசியைப் பைக்குள் போட்டார். "அப்பா சொல்லணும்" என்றார்.

மதினி அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அண்ணாச்சியின் சாவுக்குக்கூட அவர் அழவில்லை. அந்தச் சிமென்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, கப்பலுக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, "சரி, அடுத்த பலகையக் கழத்துங்க" என்றார். அன்று சாயங்காலமே அந்தப் போர்டை யாரோ இறக்கியிருந்தார்கள். யார் என்று மதினி விசாரிக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள், மகனும் நினைத்திருப்பார். இரண்டு நாள் கழித்து மதினி தன் அடுத்த கோரிக்கையைச் சொன்னார். அந்த உளுத்த பலகையையும் சிமென்டையும் தூக்கிப் போடக்கூடாது. கப்பல் நிற்கிற இடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, தண்டல் அழகர்சாமி என்ற பெயரோடு மாட்டவேண்டும். நடந்தது என்ன என்று கீழே எழுதவேண்டும். மகன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, அப்பா செத்துப் போயிட்டாங்க. செத்தவங்களை விட்டிருங்கம்மா."

"எங்க அண்ணனும் செத்துத்தான் போயிட்டான். அவன விட்டியளா?"

அவர் ஒப்புக்கொண்டார். காட்டைத் தாண்டி லாரி போக இன்னும் அனுமதி வாங்க வேண்டியிருந்ததையும் அவர் மறந்திருக்கமாட்டார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். மதினிக்குக் கப்பலின் மேல் பகை இல்லை. "அது என்னட்டி பாவம் செஞ்சது, எங்க அண்ணனத் தூக்கிச் சுமந்ததுதான" என்பார். உடைந்த விலாச்சட்டங்களுக்குத் தன் காட்டு ஓரத்து நாட்டுக்கருவேல மரங்களைக் கொடுத்தார். எது நன்றாக வளைந்திருக்கிறது என்று அந்தோணியோடு நடந்து நடந்து காட்டினார். பலகைகளின் இடுக்கில் எண்ணெயில் ஊறிய பஞ்சை உளியால் இறுக்கி அடைப்பார்கள், தண்ணீர் புகாமல் இருக்க. அதற்கும் தன் வீட்டுப் பருத்தியைத்தான் போடவேண்டும் என்று நின்றார். ஆவணியில் கப்பல் காட்டை விட்டுப் புறப்பட்டபோது, லாரிக்குப் பின்னால் சாலைவரை நடந்து வந்தார்.

தூத்துக்குடியில் வெள்ளோட்டம். பந்தல், மைக், மாலை மரியாதை. மரம் கொடுத்தவர் என்ற முறையில் மதினியைத் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். முதலில் மகன் பேசினார். "அன்றைய சூழ்நிலையில் சில தவறான புரிதல்கள் ஏற்பட்டன" என்றார். "இருதரப்புக்கும் வருத்தம்" என்றார். மதினி மேடையேறித் தேங்காயைக் கையில் வாங்கினார். உடைக்கவில்லை.

கடல் ஏறியிருக்கும்போதே தோணியை இறக்கவேண்டும். தண்ணீர் வற்ற ஆரம்பித்தால் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அந்தோணி கீழேயிருந்து, "அம்மா, தண்ணி வத்துது, ஒடைங்கம்மா" என்று கத்தினார். மதினி மகனிடம் மெதுவாகச் சொன்னார். அருகில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"சூழ்நிலை வேண்டாம் தம்பி. நடந்ததச் சொல்லுங்க. நான் நிக்கேன்."

அவருக்கு வியர்த்தது. கீழே கூட்டம் சலசலத்தது. கடைசியில் மைக்கைப் பிடித்து, "எங்க அப்பா சொன்னது பொய். தண்டல் அழகர்சாமி குடிக்கல. தோணியில ஓட்டை இருந்தது எங்க அப்பாவுக்குத் தெரியும். ஆட்களைக் காப்பாத்தினது தண்டல்தான்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"பின்னால நிக்கவியளுக்குக் கேக்கல" என்றார் மதினி.

அவர் மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னார். பந்தலின் ஓரத்தில் நின்ற ஒரு வயதானவர், அந்தக் கடைசிப் பயணத்தில் கூட வந்தவராம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதினி தேங்காயை உடைத்தார். ஒரே அடியில் உடைந்தது. ஜெயமங்களம் கடலில் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை என்று அந்தோணி வந்து சொன்னபோது, மதினி சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

அதன்பிறகு அவர் சாந்தமாகிவிட்டார் என்று சொன்னால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் மதினி சாந்தமாகவில்லை. ஒப்புக்கொண்டபடி, கப்பலுக்கு அருகில் ஒரு கூடத்தில் அந்தப் பலகையை அண்ணாச்சி பெயரோடு மாட்டினார்கள். மதினி அடிக்கடி பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். கைப்பையில் ஒரு திருப்புளி இருக்கும். பலகையைச் சுவரோடு பிடித்திருக்கும் திருகாணிகளைத் திருகிப் பார்ப்பார். அங்கே இருக்கிறவர்கள் முதலில் தடுத்தார்கள், பிறகு நாற்காலியே எடுத்துப் போட்டார்கள். ஒருமுறை மகன் புடவையும் பழமும் வைத்துக் காலில் விழ வந்தபோது மதினி காலை இழுத்துக்கொண்டார். "எந்திங்க தம்பி. ஒங்க மேல கோவம் இல்ல. மன்னிக்க வேண்டியது நான் இல்ல, அதுக்கான ஆளு பசுவந்தனையில புதைஞ்சு கெடக்கான்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் என்னிடம், "கோவம் இல்லன்னு சொன்னது பொய்யிட்டி" என்றார்.

இனி பதினாறாம் நாளுக்கு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளாளுக்கு நாலு வார்த்தை பேசினார்கள். தூத்துக்குடிக்காரரும், அந்த மகன்தான், எழுந்தார். "அம்மா பெரிய மனசுக்காரங்க. கடைசியில எங்க குடும்பத்தை மன்னிச்சு வாழ்த்திட்டுத்தான் போனாங்க" என்றார். பலபேர் தலையாட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். துக்க வீடு.

சாப்பிட்டுவிட்டுக் கண்ணனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்தில் தாம்பூலத் தட்டோடு நின்றேன். "அந்தப் பலகைய உளு அரிக்குது. கப்பல் கமிட்டியில எல்லாரும் உள்ள எடுத்து வச்சிரலாம்ங்காங்க. அம்மாவும் இல்ல. இனி எதுக்குப் பழசெல்லாம்?" என்றார். கண்ணன் அவன் அப்பாவைக் கொண்டு பிறந்தவன். "ஒங்க இஷ்டம்" என்று வாயெடுத்தான்.

"உளு அரிச்சா மருந்து அடிங்க" என்றேன். "பலகை அங்கனதான் இருக்கும்."

அவர் திரும்பி, "அதைச் சொல்ல நீங்க யாரு?" என்றார்.

"அவிய நாத்தனா. எங்க மதினி ஒங்கள மன்னிக்கல. நானும் மன்னிக்கல. இனிமே நான் வருவேன்."

அவர் தாம்பூலத்தை எடுக்காமலே காருக்குப் போனார். கண்ணன் என்னைக் கோபமாகப் பார்த்தான். பிறகு உள்ளே போய் மதினியின் கைப்பையை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தான்.

மதினி, உங்களுக்குப் பூப்போட்டு, நல்ல வார்த்தை சொல்லி வழியனுப்பத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தை இவ்வளவுதான். போய்வாருங்கள். அண்ணாச்சியைப் பார்த்தால் நாங்கள் கேட்டதாகச் சொல்லுங்கள். நேற்று நான் தூத்துக்குடிக்குப் போயிருந்தேன். பலகை அங்கேதான் இருக்கிறது. ஒரு திருகாணி மட்டும் கொஞ்சம் தளர்த்தப்பட்டிருந்தது. இறுக்கிவிட்டு வந்தேன்.